மூணுக்குப் பிறகு ஒண்டு

"வீட்ட எந்தக் கையில தட்டினீங்க, பஸால்?"

சிவரூபினி மிஸ் கேட்டது சாதாரணக் கேள்விதான். குரலில் கோபமில்லை. ஆனாலும் பஸாலுக்குக் காது மடல் இரண்டும் சூடேறிவிட்டன.

"சோத்துக்கையில," என்றான்.

அவள் கதிரையில் இருந்த அவனுடைய வாப்பா ஆதம்பாவாவைப் பார்த்தாள். அவருடைய வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் போலக் கிடந்தது. பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அந்தக் கைக்குத் தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது.

"நான் இடக்கை எண்டெல்லோ சொன்னனான்?"

"ஓம் மிஸ். சொன்னீங்கதான்."

பஸால் தரையைப் பார்த்துக்கொண்டு விளங்கப்படுத்தினான். வாப்பாவுக்குப் பழகிய ஓசை எது என்று நீங்கள் கேட்டபோது, நபி பேரில் ஓதுகிற ஸலவாத்து என்று சொன்னோம். அந்த ஓசையைப் பீச்சங்கையில் தட்ட மனம் வரவில்லை. நல்ல காரியம் எதற்கும் எங்கள் ஆட்கள் அந்தக் கையை முன்னுக்கு நீட்டுவதில்லை. சொல்லச் சொல்ல அது அவனுக்கே மிக நியாயமான காரணமாகப் பட்டது. மார்க்கம் தெரிந்த மனிதன் சொல்லக்கூடிய காரணம்.

காரைதீவுக்காரியான சிவரூபினி இந்த ஆஸ்பத்திரியில் பேச்சு வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். அவள் பெருமூச்சு விட்டு, ஆதம்பாவாவின் சேர்ட்டுக் கொலரைச் சரிசெய்தாள்.

"பிழை என்னிலதான். உங்கட வழக்கத்தை முதல் நாளே நான் கேட்டிருக்கவேணும்," என்றாள்.

அந்த வார்த்தைதான் பஸாலைக் குத்தியது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். செய்யாத குற்றத்தை அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஏற்கெனவே இன்னொருத்தியும் அப்படித்தான் சுமந்துகொண்டு இருக்கிறாள். அவனுடைய உம்மா.

ஆதம்பாவா கல்முனை பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சரியான பகிடிக்காரர். கொண்டக்டர் கூவுவது, பள்ளிவாசல் மோதினார் மைக்கைத் தட்டிப் பார்த்து இருமுவது, பெரிய டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கதைப்பது, எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டுவார். அவர் வாயில் அகப்படாத ஆள் ஊரில் குறைவு.

மகன் பஸால் கலியாணம் முடித்து நிந்தவூரில் மனைவி வீட்டில் இருக்கிறான். கல்முனையில் இருக்கிற தன் ஹார்ட்வெயார் கடைக்குப் போகிற வழியில், சாய்ந்தமருதில் வாப்பா வீட்டில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடிக்காமல் அவனுக்கு நாள் விடியாது.

மகள் முஸ்பிறாவுக்கு ஒலுவிலில் மாப்பிள்ளை பேசி முடித்த கையோடு ஆதம்பாவா மாப்பிள்ளையின் பெரியவாப்பா மீராசாவைப் பிடித்துக்கொண்டார். மீராசா எந்நேரமும் வெற்றிலையை அதக்கிக்கொண்டே கதைக்கிறவர். அவர் கொழகொழவென்று கதைப்பதை ஒருநாள் இரவு ஆதம்பாவா நடித்துக் காட்ட, வீடே சிரித்தது. பஸால் மட்டும் சிரிக்கவில்லை. சம்பந்தம் குழம்பிவிடும் என்று வாப்பாவைக் கடிந்துகொண்டான்.

மறுநாள் காலை அவன் தேத்தண்ணி குடித்துவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறும்போது வாப்பா கேட்டடிக்கு வந்து ஹேண்டிலைப் பிடித்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னவோ கொழகொழவென்று சொன்னார். உம்மா சுபைறா பக்கத்து வளவில் சபியா உம்மாவுக்குச் சுகமில்லை என்று கஞ்சி கொண்டுபோயிருந்தாள். முஸ்பிறா பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"காலங்காத்தால வெத்தில வாய்க் கதையத் துவங்காதீங்க வாப்பா," என்றான் பஸால். ஹேண்டிலில் இருந்த கையைப் பிரித்து எடுத்துவிட்டான். கண்ணாடியில் பார்த்தபோது வாப்பா கேட்டில் சாய்ந்து நிற்பது தெரிந்தது. அவன் மோட்டார்சைக்கிளைக் கிறுக்கித் திருப்பவில்லை. நேரே போய்விட்டான்.

சுபைறா திரும்பி வந்தபோது ஆதம்பாவா முற்றத்தில் விழுந்து கிடந்தார்.

வாய் எப்போது கோணியது என்று டொக்டர் கேட்டார். வேளைக்கே கொண்டுவந்திருந்தால் ஊசி ஏற்றிப் பார்த்திருக்கலாம் என்றார். "நான் ஊட்டுல இல்ல டொக்டர், நான் ஊட்டுல இல்ல," என்று சுபைறா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பஸால் பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு முஸ்பிறாவின் நிகாஹ். பெண்ணின் வொலியாக, அவளைப் பொறுப்புக் கொடுக்கிறவராக, வாப்பாதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை வாப்பாவின் வாயில் கொண்டுவருவதற்குத்தான் இந்தத் தட்டல் எல்லாம். வாப்பாவுக்கு எல்லாம் விளங்குகிறது. தொழுகையில் ஓதுவது பிசகில்லாமல் வருகிறது. தண்ணீர் கேட்கத்தான் சொல் வருவதில்லை. கதைக்கிற வழி அடைபட்டாலும் ஓசையோடு வருகிற வழி திறந்து கிடக்கிறது என்றும், சுரணையுள்ள இடது கையில் தாளத்தைப் போட்டு அந்த வழியாலேயே சொற்களைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றும் சிவரூபினி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் பஸால் வீட்டுக்குப் போய் மரத்துப்போன கையில் தட்டிக்கொண்டு இருந்தான்.

அதபுக்காக, மரியாதைக்காகத்தானா என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. இப்போது, இந்த ஆஸ்பத்திரிக் கதிரையில் வைத்து, அந்தக் கேள்வி அவன் முன்னால் வந்து நின்றது.

"முதல்ல நீங்க பழகுங்க," என்றாள் சிவரூபினி. "தட்டுறவருக்குள்ள தாளம் இல்லாட்டி அவருக்கு எங்கயிருந்து போகும்? எங்க, மூண்டு மூண்டாத் தட்டுங்க பாப்பம்."

பஸால் மேசையில் தட்டினான். "ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு..."

"நாலு எங்கால வந்த?"

"மூணுக்குப் பிறகு நாலுதானே மிஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது கடையில ஆணி எண்ணக்குள்ள. இஞ்ச மூண்டுக்குப் பிறகு நேர போறதில்ல, கிறுகிறது. ஒண்டுக்குத்தான் வரவேணும்."

அவன் மறுபடி தட்டினான். இம்முறை நாலு வரவில்லை. ஆனால் மூன்றும் ஒரே மாதிரி விழுந்தன. சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் அவள். எல்லாவற்றையும் ஒரே பலத்தில் அடித்தால் எது தொடக்கம் என்று கேட்கிறவருக்குத் தெரியாது. முதலாவது பாரம், மற்ற இரண்டும் லேசு. எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டாலும் காது அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"எழும்பி நடங்க," என்றாள். "ஒண்டுக்குக் காலை ஊண்டி வைங்க. மற்ற ரெண்டுக்கும் மெதுவா."

வெட்கத்தைப் பார்க்காமல் அந்தச் சின்ன அறைக்குள் பஸால் நடந்தான். பாரம், லேசு, லேசு. இரண்டு சுற்று நடந்த பிறகு அவனுக்கு ஒன்று பிடிபட்டது. பாரம் ஒரு தடவை வலது காலில் விழுந்தது. அடுத்த தடவை இடது காலில் விழுந்தது. அது மாறி மாறித்தான் வந்தது. அவன் விரும்பினாலும் ஒரே காலில் நிற்கவில்லை.

மூக்கால் ஒரு சத்தம் கேட்டது. ஆதம்பாவா சிரித்துக்கொண்டிருந்தார். பாதி வாய்தான் சிரித்தது. ஆனால் கண் இரண்டும் பழைய பஸ் நிலையத்துக் கண்கள். மகன் கால் ஊன்றுகிற ஒவ்வொரு தடவையும் அவருடைய இடது கைவிரல் கதிரைக் கையில் சரியாக விழுந்தது.

"அவருக்கு எப்பவோ விளங்கிட்டு. உங்களுக்குத்தான் கணக்குச் சரி, இன்னும் உள்ளுக்க இறங்கல்ல," என்றாள் சிவரூபினி.

பிறகு அவள், நிகாஹில் சொல்லவேண்டிய வார்த்தை என்ன என்று மரியாதையாகக் கேட்டு, அதைத் தட்டுக்கு ஒரு சொல்லாகப் பிரித்துக் கொடுத்தாள். என்ட, மகள, உங்களுக்கு. நிகாஹ், செஞ்சு, தந்தன். மூன்றும் மூன்றும். சொல் வராவிட்டாலும் தட்டை நிறுத்தக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். சொல்லுக்காகத் தாளம் காத்து நின்றால் இரண்டுமே நின்றுவிடும்.

ஆட்டோவில் திரும்பும்போது வாப்பா காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். பஸால் அவர் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்த சற்று நேரத்தில் ஒலுவிலில் இருந்து மீராசா போனில் கோல் எடுத்தார். மிகுந்த பணிவோடுதான் கதைத்தார். சம்பந்தியாருடைய வருத்தத்தைக் கூட்டுகிற மாதிரி வெள்ளிக்கிழமை அவரைச் சபையில் வைத்துக் கஷ்டப்படுத்த வேண்டாம், வாப்பாவுக்கு வார்த்தை வராத நிலைமையில் மகன் வொலியாக நிற்கலாம் என்று தங்கள் மௌலவி சொன்னார் என்றார். பாப்பம் என்று பஸால் சொன்னான்.

போனை வைத்ததும் நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்கியது போல இருந்தது. தானே நின்று வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. பிறகு தட்டவும் வேண்டாம், பழக்கவும் வேண்டாம். வாப்பா தொழுதுகொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, அமைதியாக இருந்துவிட்டுப் போவார். அந்த வாயிலிருந்து ஒன்றும் வெளியே வராது.

அந்த ஆறுதல் வந்த வேகத்தைக் கண்டு அவனுக்கே பயம் வந்தது. வாப்பாவின் நாக்கு கட்டுப்பட்டே இருக்கட்டும் என்றா நான் இவ்வளவு நாளும் துஆக் கேட்டேன்? மன்னிப்புக் கேட்டு அஸ்தஃபிருல்லாஹ் என்று வாய்க்குள் சொன்னான். அதுவும் வாயோடு நின்றது.

குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த முஸ்பிறா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் அண்ணனிடம் சொன்னாள்.

"நீங்க நிண்டாலும் நிகாஹ் நிகாஹ்தான் காக்கா. நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா வாப்பா அங்கால கட்டில்ல இருந்து கேட்டுக்கிட்டு இரிக்காரு."

பஸால் எட்டிப் பார்த்தான். ஆதம்பாவா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

பகல் சாப்பாட்டுக்கு உம்மா அவனை விடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு, வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள். எல்லாம் தன்னால்தான். அன்றைக்குச் சபியா உம்மாவின் வளவுக்குப் போகாமல் இருந்திருந்தால், போனாலும் கஞ்சியைக் கொடுத்துவிட்டு உடனே வந்திருந்தால். அதற்குப் பிறகு அவள் அந்த வளவுக்குள் கால் வைக்கவில்லை. சபியா உம்மா இரண்டு தடவை வந்து கேட்டடியில் நின்று அழுதுவிட்டுப் போனாள்.

"ஒரு மனிசிக்குக் கஞ்சி குடுத்ததுக்கு அல்லாஹ் குற்றம் புடிப்பானா உம்மா?" என்று பஸால் கேட்டான்.

"அல்லாஹ் புடிக்க மாட்டான் மகன். நான்தான் புடிச்சிக்கிட்டு இரிக்கன்," என்றாள் சுபைறா. மீன் பொரியலில் நல்ல துண்டை எடுத்து அவன் பீங்கானில் வைத்தாள்.

பஸால் சோற்றை ஒதுக்கி வைத்தான். அந்தத் துண்டை மட்டும் எப்படியோ விழுங்கினான்.

அன்று அவன் கடைக்குப் போகவில்லை. அஸருக்கு வாப்பாவைக் கதிரையில் இருத்தி, தானும் பக்கத்தில் நின்று தொழுதான். ஸலாம் கொடுத்து முடிந்ததும் எப்போதும் போலச் சட்டென்று எழும்பிவிடப் பார்த்தான். எழும்பும்போது வாப்பாவின் கை கண்ணில் பட்டது.

இடது கை.

தொழுகைக்குப் பின்னால் ஓதுகிற தஸ்பீஹை ஆதம்பாவா எண்ணிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையின் பெருவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் அழுந்தி, நடுக்கணுவுக்கு வழுக்கி, நுனிக்கணுவைத் தொட்டு, அடுத்த விரலின் அடிக்கணுவுக்குப் போனது. அங்கே மறுபடி அழுந்தியது. சுப்ஹானல்லாஹ் என்று உதடு தெளிவாக அசைந்தது.

பஸால் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டான்.

வாப்பாவுக்கு அந்தக் கை குறையாகப் படவில்லை. படைத்த ரப்பை நினைப்பதற்கே அந்தக் கை போதுமாக இருக்கிறது. தனக்குத்தான் ஒரு சாட்டு வேண்டியிருந்தது, மார்க்கத்தின் பெயரில் ஒரு நல்ல சாட்டு.

அவனுடைய பெருவிரல் தானாகவே தன் சுண்டுவிரலுக்குப் போனது. அடிக்கணு, நடுக்கணு, நுனிக்கணு. பாரம், லேசு, லேசு. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் இதைத்தானே செய்து வந்திருக்கிறான். ஒரு விரலுக்கு மூன்று. மூன்று முடிந்ததும் அடுத்த விரலின் அடி. எண்ணாமலே அவனுக்குள் அது சுற்றத் தொடங்கியது. காலையில் அறைக்குள் நடந்தபோது வராதது இப்போது தோளிலும் மூச்சிலும் வந்தது.

அவன் கதிரையின் முன்னால் சம்மணமிட்டு இருந்தான்.

"வாப்பா, கையத் தாங்க."

ஆதம்பாவா அவனைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார்.

பஸால் தன் பெருவிரலை வாப்பாவின் விரற்கணுக்களில் வைத்து அழுத்தினான். முதலில் ஓசை மட்டும், சொல் இல்லாமல், மூக்குக்குள் இழுத்தான். வாப்பாவின் தலை மெல்ல அசையத் தொடங்கியது. இரண்டு விரல் தாண்டியதும் சொல்லை வைத்தான்.

"என்ட... மகள... உங்களுக்கு..."

"எ... எ..." என்றார் ஆதம்பாவா. நாக்கு தடக்கியது. பஸால் நிறுத்தவில்லை. அடுத்த விரலுக்குப் போனான். தாளம் போய்க்கொண்டே இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஆள் தொத்திக்கொள்வது போல, திரும்பவும் அடிக்கணு அழுந்திய நேரத்தில் வாப்பாவின் வாயில் சொல் தொத்திக்கொண்டது.

"என்ட."

பிறகு, "மகள."

முஸ்பிறா இறால் மணக்கிற கையோடு வாசலில் வந்து நின்றாள். சுபைறா அவளுக்குப் பின்னால் நின்றாள். 'உங்களுக்கு' என்பது நசிந்து வந்தது. 'நிகாஹ்' முழுசாக வந்தது. 'செஞ்சு' வரவில்லை. 'தந்தன்' என்பது வந்தபோது ஆதம்பாவாவின் கண்ணிலிருந்து நீர் ஓடியது. அவர் அதைத் துடைக்கவில்லை. கை மகனிடம் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று முஸ்பிறா மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுவது இங்கே கேட்டது.

சுபைறாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். "சபியா உம்மாட்டச் சொல்லிட்டு வாறன்," என்றாள். படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வேணாம். நான் போகக்குள்ளதானே அண்டைக்கும்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆதம்பாவா மனைவியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவனுடைய பெருவிரலைப் பிடித்துத் தன் அடிக்கணுவில் திரும்பவும் கொண்டுபோய் வைத்தார்.

பஸால் அழுத்தினான். வாப்பா பழையபடி 'என்ட' என்று தொடங்குவார் என்றுதான் நினைத்தான்.

"அண்... டைக்கு," என்றார் ஆதம்பாவா. அடுத்த கணு. "காலை... யில." அதற்கடுத்த கணு. "ப... ஸால்."

பஸாலின் விரல் நின்றது. விரல் நின்றதும் சொல்லும் நின்றது. வாப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"என்ன சொல்றாரு?" என்று வாசலிலிருந்து சுபைறா கேட்டாள்.

வாப்பா களைத்துப்போனார், நாளைக்குப் பார்ப்போம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். தட்டாமல் இருந்தாலே போதும். பொய்கூடச் சொல்லத் தேவையில்லை.

வாப்பாவின் கண்களில் அவன் எதிர்பார்த்திருந்த கோபத்தைத் தேடினான். அங்கே என்ன இருந்தது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அந்தக் கைச்சூடு மட்டும் தெரிந்தது. மோட்டார்சைக்கிள் ஹேண்டிலிலிருந்து அவன் பிரித்தெடுத்த கை.

"உம்மா, போகாதீங்க," என்றான். "இஞ்ச வந்து இரிங்க. வாப்பா அண்டைக்குக் காலையில நடந்ததச் சொல்லப் பாக்குறாரு. அவருக்கு வராட்டி மிச்சத்த நான் சொல்லுறன்."

சுபைறா ஒன்றும் விளங்காமல் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

பஸால் வாப்பாவின் விரலில் அடிக்கணுவைத் தேடிப் பிடித்து அழுத்தினான்.